ஒரு மஞ்சள் மீனும் ஒன்றுக்கொன்று முரண்படும் செய்திகளும்

பவளத்திட்டு மீன்களைப் பற்றிக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த செய்திகளை வரிசையாகப் படித்தால் தலை சுற்றும். கடல்நீரில் அமிலத்தன்மை ஏறுவதால் மீன்குஞ்சுகளுக்கு மோப்பம் கெட்டுப்போய், தங்களைத் தின்னும் மீன் இருக்கும் பக்கமே நீந்திப் போகின்றன என்றது 2010-ல் வந்த செய்தி. அப்படி எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை என்றது 2020-ல் வந்த செய்தி. மோட்டார் படகின் சத்தம் கேட்டால் இரண்டு மடங்கு மீன்கள் இரையாகின்றன என்று இடையில் ஒன்று. பவளம் வெளுத்தால் மீன்கள் அழியும் என்று ஒன்று. வெளுத்த திட்டிலும் மீன்கள் நிறையவே திரிகின்றன என்று அதற்கு மறுப்பு.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரு சின்ன மஞ்சள் மீனையோ அதன் நெருங்கிய உறவுகளையோ வைத்து நடந்தவை. அதன் பெயர் ஆம்போன் டேம்சல். அது எங்கே பிறக்கிறது, எங்கே வளர்கிறது, எப்போது சாகிறது என்பது தெரியாமல் தலைப்பை மட்டும் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். தெரிந்துவிட்டால், ஒவ்வொரு செய்தியும் அதன் வாழ்க்கையில் எந்தக் கட்டத்தைத் தொடுகிறது, எதை எவ்வளவு நம்பலாம் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

## யார் இந்த மீன்?

டேம்சல் என்பது ஒரே ஒரு மீனின் பெயர் அல்ல. ஏறக்குறைய 400 இனங்கள் கொண்ட குடும்பத்தின் பெயர். விலங்கியலில் பொமாசென்ட்ரிடே. கண்ணாடித் தொட்டிகளில் பலரும் பார்த்திருக்கும் கோமாளி மீன் இந்தக் குடும்பம்தான். மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளில் கறுப்புப் பட்டைகளோடு கூட்டமாகத் திரியும் சின்ன மீன்களும் இதே குடும்பம்தான்.

ஆம்போன் என்பது இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகளில் ஒன்று. அந்தத் தீவின் பெயரை வைத்து, பொமாசென்ட்ரஸ் அம்போயினென்சிஸ் என்று இந்த இனத்தை 1868-ல் விவரித்தவர் டச்சு மருத்துவரும் மீனியல் அறிஞருமான பீட்டர் பிளீக்கர். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஜப்பானின் தெற்கே உள்ள ரியூக்யூ தீவுகள், வனுவாட்டு, ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்று மேற்குப் பசிபிக் முழுவதும் பரவியிருக்கிறது. நன்றாக வளர்ந்தாலும் 10 சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். பவளத்திட்டு முடிந்து மணல் தொடங்கும் ஓரத்தில், உடைந்த பவளத் துண்டுகள் குவிந்து கிடக்கும் இடம்தான் இதற்குப் பிடித்த இடம்.

அதிகம் ஆராயப்பட்ட மீன் என்பதற்குக் காரணம் அழகு அல்ல, வசதி. கிரேட் பேரியர் ரீஃபின் வடபகுதியில் லிசார்ட் தீவு என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே கடல் ஆய்வு நிலையமும் இருக்கிறது, இந்த மீனும் ஏராளம். திட்டில் வந்து சேர்ந்தபின் ஒரு மீட்டர் அகலப் பவளத் துண்டிலேயே மீதி வாழ்க்கையை நடத்தும் மீன் என்பதால், இன்று பார்த்ததை நாளையும் அதே இடத்தில் போய்ப் பார்க்கலாம்.

## நமக்குத் தெரியாத முகம்

நம் கண்ணுக்கு இது சாதாரண மஞ்சள் மீன். செதில்களின் நடுவே லேசாக ஊதா சாயல் ஓடும்; இளம் மீனுக்கு முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் கண் போல ஒரு கரும்புள்ளி இருக்கும். எலுமிச்சை டேம்சல் என்று இதே இடங்களில் வாழும் இன்னொரு இனமும் மஞ்சள்தான். இரண்டும் வளர்ந்தபின் அருகருகே நின்றால், பழகாத கண்ணுக்கு எது எது என்று சொல்ல வராது.

புற ஊதா ஒளியைப் பதியும் கேமராவில் பார்த்தால் நிலைமையே வேறு. ஆம்போன் டேம்சலின் முகத்திலும் செவுள் மூடியிலும் சின்னச் சின்னப் புள்ளிகளும் வளைகோடுகளுமாக ஒரு கோலம் தெரிகிறது. புற ஊதா என்பது நாம் பார்க்கும் ஊதா நிறத்துக்கும் அப்பால் உள்ள, நம் கண்ணுக்கு எட்டாத ஒளி. இந்த மீனின் கண்ணுக்கு அது எட்டும்.

குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் உல்ரிகே சீபெக்கும் குழுவினரும் 2010-ல் வெளியிட்ட சோதனை இதை நேர்த்தியாகக் காட்டியது. தன் எல்லையைக் காக்கும் ஆம்போன் டேம்சலின் முன்னே இரண்டு மீன்களை வைத்தார்கள்: ஒன்று அதே இனம், இன்னொன்று எலுமிச்சை டேம்சல். எல்லைக்காரர் தன் இனத்து மீனைத்தான் அதிகம் விரட்டினார். இடத்துக்கும் துணைக்கும் போட்டி அதுதானே. அப்புறம் புற ஊதாவை மட்டும் தடுக்கும் வடிகட்டியை நடுவில் வைத்தார்கள். அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. எது யார் என்று மீனுக்குப் பிடிபடவில்லை. நமக்குப் பளிச்சென்று தெரியும் மஞ்சள் நிறம் அங்கேயேதான் இருந்தது. அது போதவில்லை.

பவளத்திட்டில் வேட்டையாடும் பெரிய மீன்கள் பலவற்றின் கண் வில்லை புற ஊதாவை உள்ளே விடுவதில்லை. தண்ணீரில் இந்த ஒளி சீக்கிரம் சிதறியும் போகும். ஆகவே பக்கத்தில் இருக்கும் தன் இனத்துக்கு மட்டும் முகம் தெரியும், தூரத்தில் இருக்கும் எதிரிக்குத் தெரியாது. ஒரு விரல் நீள மீனிடம் இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதும், 1868-ல் பெயர் பெற்ற மீனிடம் 142 ஆண்டுகள் கழித்து அது வெளியே தெரிந்ததும், மனிதக் கண்ணை வைத்து மீனின் வாழ்க்கையை அளப்பதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு நல்ல சான்று.

## ஒரே மீன், இரண்டு வாழ்க்கை

இனி சொல்லப்போவதுதான் அடிப்படை. பவளத்திட்டு மீன் என்று சொல்கிறோமே தவிர, இந்த மீன் பவளத்திட்டிலேயே வளர்வதில்லை. முதல் இரண்டு மூன்று வாரங்கள் திறந்த கடலில்.

ஆண் மீன் உடைந்த பவளத்தின் அடிப்பக்கத்தையோ செத்த சிப்பி ஓட்டையோ துப்புரவு செய்து கூடு வைக்கும். ஒரு ஆணின் எல்லையில் சில பெண் மீன்கள் இருக்கும். அவை வந்து முட்டைகளை அந்தப் பரப்பில் ஒட்டிவிட்டுப் போய்விடும். துடுப்பால் விசிறி நீரோட்டம் கொடுப்பது, பக்கத்தில் வருபவர்களை விரட்டுவது எல்லாம் அப்பா வேலை. ஆண் செத்துப்போனால் பெண்களில் பெரியது ஆணாக மாறிவிடும். பிறக்கும்போது எல்லாமே பெண்தான்.

பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தால் அவற்றின் சினைப்பையில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் கூடுகிறது. அந்த முட்டைகளிலிருந்து வரும் குஞ்சுகள் சிறுத்துப் பிறக்கின்றன. மார்க் மெக்கார்மிக் என்ற ஆய்வாளர் 1998-ல் இந்த மீனிடமே இதைக் காட்டினார்.

நாலைந்து நாளில், பொழுது சாய்ந்ததும் முட்டை பொரியும். பொரிந்த குஞ்சு கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் லார்வா. நீரோட்டம் அதைத் திறந்த கடலுக்கு இழுத்துப் போகிறது. மிதவை உயிரிகளைத் தின்று 15 முதல் 23 நாள் வரை வளர்ந்து, ஒரு சென்டிமீட்டர் அளவு ஆனதும், பெரும்பாலும் அமாவாசையை ஒட்டிய இருட்டில் பவளத்திட்டில் வந்து இறங்குகிறது. லிசார்ட் தீவில் அக்டோபர் முதல் ஜனவரி வரைதான் இதற்கான முக்கியப் பருவம்.

போன குஞ்சு எங்கே போகிறது? பிறந்த திட்டுக்கே திரும்புகிறதா, நூறு கிலோமீட்டர் தள்ளி வேறெங்கோ சேர்கிறதா? இந்தக் கேள்விக்கு லிசார்ட் தீவில் நடந்த வேலை 1999-ல் நேச்சர் இதழில் வந்தது. ஜெஃப்ரி ஜோன்ஸும் குழுவினரும் செய்தது. கணக்கு எளிமையானது என்பதால் முழுவதும் பார்க்கலாம்.

1. மீனின் காதுக்குள் சுண்ணாம்புச் சத்தால் ஆன செவிக்கல் இருக்கிறது. மர வளையம் போல அதில் நாளுக்கொரு வளையம் விழும். டெட்ராசைக்ளின் என்ற மருந்து கலந்த நீர் முட்டையைச் சுற்றிச் சில மணி நேரம் இருந்தால், கருவில் உருவாகிக்கொண்டிருக்கும் செவிக்கல்லில் மருந்து படிந்துவிடும். பின்னாளில் புற ஊதா விளக்கடியில் அந்த இடம் ஒளிரும்.

2. கூடு கூடாக முங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட முட்டைகளுக்கு இப்படிக் குறியிட்டார்கள். தீவைச் சுற்றி உருவான மொத்த முட்டைகளில் இது 0.5 முதல் 2 சதவீதம் வரை இருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு.

3. திட்டுக்கு வந்து சேர்ந்த குஞ்சுகளில் 5000-ஐப் பிடித்துச் செவிக்கல்லைச் சோதித்தார்கள். 15 குஞ்சுகளிடம் குறி இருந்தது.

4. வந்த குஞ்சுகள் எல்லாமே உள்ளூரில் பிறந்தவை என்று வைத்துக்கொள்வோம். குறியிட்டது 2 சதவீதம் என்றால் 5000-ல் 100 குஞ்சுகளிடம் குறி இருக்க வேண்டும். கிடைத்தது 15, ஆகவே உள்ளூர்க் குஞ்சுகள் 15 சதவீதம். குறியிட்டது 0.5 சதவீதம்தான் என்றால் 25 குஞ்சுகளிடம் இருக்க வேண்டும். கிடைத்தது 15, ஆகவே 60 சதவீதம்.

வெறும் 15 மீன்கள். ஆனால் அதுவரை கடலில் கரைந்துபோகும் என்று நினைத்த குஞ்சுகளில் கணிசமான பங்கு ஊருக்கே திரும்புகிறது என்பதை அவை காட்டின. ஒரு திட்டைப் பாதுகாத்தால் அதன் பலன் அந்தத் திட்டுக்கே ஓரளவு கிடைக்கும் என்ற வாதத்துக்கு இதனால் வலு வந்தது.

## வந்து சேர்ந்த முதல் இரண்டு நாள்

பவளத்திட்டு மீன் குஞ்சுகளில் பாதிக்கும் மேல், வந்து இறங்கிய ஒன்றிரண்டு நாளுக்குள் தின்னப்பட்டுவிடுகின்றன என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பீடு. இரவில் இறங்கிய கண்ணாடிக் குஞ்சுக்கு விடிவதற்குள் நிறம் ஏற வேண்டும், ஒளிய ஒரு கிளை கிடைக்க வேண்டும். யார் எதிரி என்பதைக் கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

அந்தக் கற்றல் மோப்பத்தால் நடக்கிறது. ஒரு டேம்சல் கடிபட்டுத் தோல் கிழிந்தால் அதிலிருந்து ஒரு வேதிப்பொருள் நீரில் கலக்கும். பக்கத்தில் இருக்கும் அதே இனத்துக் குஞ்சுகள் அதை முகர்ந்ததும் இரை தின்பதை நிறுத்தி ஒதுங்கும். அந்த நேரத்தில் நீரில் வேறொரு மீனின் வாசனையும் இருந்தால், இந்த வாசனை ஆபத்து என்று ஒரே தடவையில் பதிந்துவிடும். அமிலம் பற்றிய செய்தியும் சத்தம் பற்றிய செய்தியும் இந்த முதல் நாட்களைப் பற்றியவைதான். வளர்ந்த மீனைப் பற்றியவை அல்ல.

## அமிலம்: எங்கே சர்ச்சை, எங்கே இல்லை

முதலில் சொல்லின் பொருள். கடல் அமிலமாகிவிட்டது என்றால் கையை வைத்தால் எரியும் என்று அர்த்தம் இல்லை. நீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் அளவில் 7 என்பது நடுநிலை. கடல்நீர் தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2, இப்போது சுமார் 8.1. இன்னமும் காரப் பக்கம்தான். ஆனால் இந்த அளவுகோல் மடங்குக் கணக்கில் ஓடுவது, 0.1 இறங்கினாலே அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனி 25 சதவீதத்துக்கும் மேல் கூடிவிடும். காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு 420-ஐத் தாண்டியதும், அதில் ஒரு பகுதியைக் கடல் உறிஞ்சியதும் இதற்குக் காரணம்.

2009, 2010 ஆண்டுகளில் பிலிப் மண்டே, டேனியல் டிக்சன் முதலியோர் கோமாளி மீன் குஞ்சுகளை, இந்த நூற்றாண்டின் கடைசியில் வரக்கூடிய அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு ஏற்றிய நீரில் வளர்த்துப் பார்த்தார்கள். வேட்டைமீனின் வாசனையை விட்டு விலக வேண்டிய குஞ்சுகள் அதை நோக்கிப் போனதாக அறிவித்தார்கள். டேம்சல் குஞ்சுகளிலும் அப்படியே என்று தொடர்ந்து பல கட்டுரைகள் வந்தன. விளைவு சின்னதாகச் சொல்லப்படவில்லை. நடத்தை கிட்டத்தட்டத் தலைகீழாக மாறியதாகச் சொல்லப்பட்டது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானதில் வியப்பில்லை.

2020 ஜனவரியில் டிமதி கிளார்க், ஃபிரெட்ரிக் ஜட்ஃபெல்ட் முதலியோர் நேச்சர் இதழில் மறுசோதனையை வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகள், ஆறு டேம்சல் இனங்கள், 900-க்கும் மேற்பட்ட மீன்கள். ஆம்போன் டேம்சலும் அவற்றில் ஒன்று. வேட்டைமீன் வாசனையைத் தவிர்ப்பது, சுறுசுறுப்பு போன்றவற்றில் பொருட்படுத்தும்படியான பாதிப்பு இல்லை என்பது முடிவு. சோதித்த முறை வேறு, வயது வேறு என்று முதல் குழுவினர் பதில் எழுதினார்கள். 2022-ல் பத்தாண்டு ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது, சொல்லப்பட்ட விளைவு ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டே வந்து கிட்டத்தட்ட இல்லாமல் போனது தெரிந்தது. பெரிய விளைவுகள் பெரும்பாலும் குறைந்த எண்ணிக்கையில் மீன்களை வைத்துச் செய்த ஆய்வுகளில்தான் இருந்தன.

இதை எப்படி எடுத்துக்கொள்வது?

1. அமிலத்தால் மீன்களின் மோப்பம் தலைகீழாகும் என்ற பழைய வடிவத்தை இன்று உறுதியான உண்மையாக யாரும் எழுதக் கூடாது. அது ஆட்டம் கண்டுவிட்டது.

2. கடல் அமிலமாவதே பொய் என்று இதிலிருந்து யாராவது சொன்னால் அது தவறு. பிஎச் இறங்குவது அளந்து பார்த்த விஷயம். பவளப் பூச்சி தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டத் தேவையான கார்பனேட் அயனி இதனால் குறைகிறது என்பது அடிப்படை வேதியியல். சர்ச்சை மீனின் நடத்தையில். பவளத்தின் கட்டுமானத்தில் அல்ல.

இந்த இரண்டாவது வேறுபாட்டைச் செய்தியாளர்கள் விட்டுவிடுவது வருத்தம் தருகிறது. மீன் பிழைத்தது என்ற தலைப்பைப் படித்தவர், கடல் பிழைத்தது என்று நினைத்துக்கொள்கிறார்.

## சத்தம்

நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். மீன் அதை உணர்வது முன்னே சொன்ன அதே செவிக்கல்லை வைத்துத்தான். திட்டில் இறால்கள் சொடுக்கும் ஒலியும் மீன்கள் எழுப்பும் ஒலியும் இருட்டில் வரும் குஞ்சுகளுக்கு வழிகாட்டுகின்றன. ஒலிபெருக்கியில் அந்தச் சத்தத்தைப் போட்ட செயற்கைத் திட்டுகளில் அதிகக் குஞ்சுகள் வந்து சேர்ந்ததை ஸ்டீவ் சிம்சன் குழுவினர் 2005-ல் காட்டினார்கள்.

அதே சிம்சனும் மெக்கார்மிக்கும் மற்றவர்களும் 2016-ல், ஆம்போன் டேம்சல் குஞ்சுகளை டாட்டிபேக் என்ற சிறிய வேட்டைமீனோடு வைத்துப் பார்த்தார்கள். மோட்டார் படகு ஓடும்போது குஞ்சுகளின் உடல் அதிக ஆக்சிஜனைச் செலவழித்தது. திடீர்த் தாக்குதலுக்கு அவை தாமதமாக நகர்ந்தன. டாட்டிபேக்குக்கு இரண்டு மடங்குக்கும் மேல் எளிதாக இரையாயின. நெருங்கிய உறவான இன்னொரு டேம்சலிடம் பின்னர் நடந்த சோதனையில், டூ ஸ்ட்ரோக் இன்ஜின் சத்தத்தால் வந்த குழப்பம் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் குறைவாக இருந்தது.

இந்தச் சிக்கல் ஒன்றுதான் ஒரே நாளில் சரிசெய்யக்கூடியது. இன்ஜினை நிறுத்தினால் சத்தம் நின்றுவிடும். குஞ்சுகள் இறங்கும் மாதங்களில் திட்டின் ஓரம் படகுகள் வேகத்தைக் குறைத்தாலே போதும் என்று சொல்ல இடமிருக்கிறது.

## வெளுத்த பவளமும் இடம் மாறும் பலமும்

பவளப் பூச்சியின் உடம்புக்குள் நுண்பாசி வாழ்கிறது. வெயிலில் உணவு தயாரித்துப் பூச்சிக்குக் கொடுப்பது அதுதான், நிறம் தருவதும் பெரும்பாலும் அதுதான். வழக்கமான கோடை உச்சத்தைவிட நீர் ஒரு டிகிரி செல்சியஸ் கூடிச் சில வாரங்கள் அப்படியே நின்றால் அந்தப் பாசி வெளியேற்றப்படுகிறது. வெள்ளை எலும்புக்கூடு தெரியும். இதுதான் வெளுப்பு. வெளுத்த பவளம் இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. வெப்பம் சீக்கிரம் தணிந்தால் மீளும். இல்லாவிட்டால் செத்து, மேலே பாசி படரும்.

மீன்களுக்கு என்ன ஆகிறது என்பது இனத்தைப் பொறுத்தது. எலுமிச்சை டேம்சல் உயிருள்ள பவளக் கிளைகளையே நம்பி வாழ்வது. ஆம்போன் டேம்சல் அப்படி அல்ல. குஞ்சாக இருக்கும்போது உயிருள்ள பவளத்தை விரும்பினாலும், உடைந்த கற்குவியலிலும் காலம் தள்ளும்.

மெக்கார்மிக் 2012-ல் வெளியிட்ட கடலடிச் சோதனையில் இரண்டு இனத்துக் குஞ்சுகளையும் சேர்த்துச் சின்னப் பவளக் கொத்துகளில் விட்டார். சில கொத்துகள் உயிருள்ளவை, சில வெளுத்தவை, சில செத்தவை. வெளுத்த, செத்த கொத்துகளில் ஆம்போன் டேம்சல் அதிக மூர்க்கத்தோடு எலுமிச்சை டேம்சலை விரட்டியது. விரட்டப்பட்ட குஞ்சு கொத்தின் உச்சிக்கு ஏறி, ஒளியுமிடத்தை விட்டுத் தள்ளி நின்றது. அங்கே நின்றதை வேட்டைமீன் எடுத்துக்கொண்டு போனது. எலுமிச்சை டேம்சலைக் கொன்றது நேரடியாக வெப்பம் அல்ல, பக்கத்து வீட்டு மஞ்சள் மீனும் அல்ல; பவளம் செத்ததும் இருவருக்கும் இடையே இருந்த பலம் இடம் மாறியதுதான்.

வெளுத்தால் மீன்கள் அழியும், வெளுத்தும் மீன்கள் இருக்கின்றன என்ற இரண்டு செய்திகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இப்படித்தான். மேலே மிதந்தபடி பார்ப்பவருக்கு அப்போதும் மஞ்சள் மீன்கள் தெரியும். மஞ்சள் மீன் எத்தனை என்று மட்டும் எண்ணினால் எதுவும் மாறவில்லை என்றுகூடத் தோன்றும். எந்த மஞ்சள் என்று கேட்டால்தான் இழப்பு தெரியும்.

லிசார்ட் தீவைச் சுற்றியுள்ள திட்டுகள் 2014-லும் 2015-லும் அடுத்தடுத்துப் புயலில் நொறுங்கின. 2016-ல் கடும் வெளுப்பு. மெல்லத் தேறிவந்த பவளங்களை 2024-ன் வெப்பம் மறுபடி அடித்தது. உலகளாவிய நான்காவது வெளுப்பு என்று அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம் அறிவித்த ஆண்டு அது. அக்டோபரிலிருந்து அமாவாசை இரவுகளில் குஞ்சுகள் அங்கே இப்போதும் வருகின்றன, கண்ணாடி உடம்போடு, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், ஒளிய ஓர் உயிருள்ள கிளையைத் தேடிக்கொண்டு.